ஜோன் போஸ்டல்: இணையத்தின் கணக்குப்பிள்ளை

புலம்பெயர் நாடொன்றிலிருந்து நாம் ஊருக்கு வட்ஸ்அப்பில் பேசுகிறோம். அந்தப் பேச்சு தவறாமல் போய்ச் சேர, ஒவ்வொரு வலையமைப்புக்கும் தனி இலக்கம் வேண்டும். ஒரே இலக்கம் இருவருக்குப் போய்விடக் கூடாது. உலகத்துக்கே பொதுவான அந்தப் பதிவேட்டை ஏறத்தாழ முப்பது வருடங்கள் கவனித்தவர் ஜோன் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6இல் கலிபோர்னியாவில் பிறந்தார். 1969இல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் முதல் நிலையம் அங்குள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் அமைந்தபோது, அவர் அங்கே ஆய்வு மாணவர். யாருக்கு எந்த இலக்கம் என்று எழுதி வைக்க ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலை இவரிடம் வந்தது. சாகும்வரை இவரிடமே இருந்தது. 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இன்றும் இணையம் இயங்கும் அடிப்படை விதிகளை 1981இல் தொகுத்து வெளியிட்டவரும் அவரே.

அக்காலத்தில் இலக்கம் பெறுவது எளிது. தேவையைச் சொன்னால் போதும். கட்டணமில்லை, காலாவதித் திகதி இல்லை. பெரிய தொகுதி ஒன்றில் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. கேட்டவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கையிலேயே பதிவேடு நிரம்பியது.

நாடுகளுக்கான இணையப் பெயர் முடிவுகளுக்குச் சர்வதேசத் தர நிர்ணயப் பட்டியலையே பின்பற்றினார். எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது தமது வேலையல்ல என்று 1994இல் எழுதி வைத்தார். எங்களுக்கு இது கசக்கலாம். ஆனால் பதிவாளர் நீதிபதியாகிவிட்டால் பதிவேட்டை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

1998 ஜனவரியில், எட்டு வேர் வழங்கிகளின் நிர்வாகிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இனித் தமது கணனியிலிருந்தே பெயர்ப்பட்டியலை எடுக்கும்படி கேட்டார். அவர்களும் அப்படியே செய்தார்கள். அமெரிக்க அரசு அதிர்ந்தது. அது ஒரு பரிசோதனை என்று கூறிப் பழைய நிலைக்குத் திருப்பினார். அவ்வருடம் ஒக்டோபர் 16இல், இருதய சத்திரசிகிச்சையின் பின் 55ஆவது வயதில் காலமானார். அவரது பொறுப்பை ஏற்க ஐகான் நிறுவனம் அமைக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

2011 பெப்ரவரியில் மத்திய கையிருப்பிலிருந்த பழைய வகை முகவரிகள் தீர்ந்தன. இலவசமாகக் கொடுத்தவை விலைப்பொருளாயின. பெற்ற நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டன, பொறுப்பாளர்களும் இல்லை. உறுதி இருந்தும் ஆளில்லாத காணியை மற்றவர் பிடிப்பதை நாம் அறிவோம். இங்கேயும் அதுதான். மூடிய நிறுவனத்தின் காலாவதியான இணையப் பெயரை வாங்கி, உரிமையாளர் போல் மின்னஞ்சல் அனுப்பி, அந்த முகவரிகளைத் தமதென்று அறிவிக்கிறார்கள். வலையமைப்புகள் ஒன்றின் அறிவிப்பை மற்றொன்று பெரும்பாலும் நம்பியே பாதையை அமைக்கின்றன.

ஆகவே உறங்கும் பதிவுகளுக்குக் காவல் தேவை. ஓரிகன் பல்கலைக்கழகமும் ஐரோப்பியப் பதிவகமான ரைப் அமைப்பும் உலகப் பாதை அறிவிப்புகளைச் சேகரிக்கின்றன. பத்து வருடம் மௌனமாக இருந்த தொகுதி திடீரென அங்கே தோன்றினால் கேள்வி எழும்: அறிவிப்பது யார்? தொடர்பு விபரம் அண்மையில் மாறியதா? கணக்காய்வாளரும், நீண்டகாலம் செயலற்றிருந்த கணக்கில் பணம் நகர்ந்தால் முதலில் அதையே பார்ப்பார்.

போஸ்டல் ஒவ்வொரு வரியையும் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான், உண்மையான உரிமையாளர் யார் என்று இன்று சரிபார்க்க முடிகிறது.