கைவினைச் செம்மல் ஜி. டி. நாயுடு

தோற்றுவாய்

சித்திரைத் திங்களில் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளிலே தேர் ஓடுங்கால், வடம் பிடிப்போரையும் கொடியும் குடையும் ஏந்துவோரையுமே மக்கள் காண்பர். சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை இடுவோனைக் காண்பவர் சிலரே. மரந்தேர்ந்து இழைத்து, அச்சும் சக்கரமும் பழுதுறாவண்ணம் பேணிய தச்சனை நினைப்பவரோ ஒருவரும் இலர் எனலாம். ஆயினும் அவன் கை சோர்ந்திருப்பின், ஆயிரம் பேர் கூடி இழுப்பினும் தேர் நிலையை விட்டு நகராது.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் யாம் திருவரங்கத்தினின்று காவிரிப் பாலத்தின் வழியே திருச்சிராப்பள்ளிக்கு மீளுங்கால், எம் மிதிவண்டியின் சங்கிலி கழன்று சக்கரத்திடையே இறுகச் சிக்கிக்கொண்டது. எழுத்தும் சொல்லும் புணரும் விதிகளை யாம் அறிவோம். சங்கிலியும் பற்சக்கரமும் புணரும் விதியினை அறியோம். இருட்டும் வரையில் அதனை இழுத்தும் முறுக்கியும் கையைக் காயப்படுத்திக் கொண்டதே கண்ட பயன். அவ்வழியே வந்த சிறுவன் ஒருவன், பின்சக்கரத்தின் திருகைத் தளர்த்தி, சக்கரத்தைச் சிறிது முன்தள்ளி, சங்கிலியை நொடியிற் பூட்டிவிட்டு, காசும் பெறாது நடந்தான். பள்ளியில் எத்தனை வகுப்புக் கற்றனை என்று அவனை வினவ எமக்கு நாணமாயிருந்தது. அன்றிரவு எம் நினைவில் வந்தவர், பள்ளிப்படிப்பு மிகச் சிலவேயாக, கையையே ஆசிரியராகக் கொண்டு உயர்ந்த ஜி. டி. நாயுடு ஆவர். அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவுத்தொழில் பூண்ட குடியில், கோபால்சாமி நாயுடுவின் மைந்தராக 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். வகுப்பறையில் அமர்ந்து ஒப்பித்தல் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியின் அளவிலேயே பள்ளியை விடுத்து நிலத்தில் உழைக்கலானார்.

அந்நாளில் ஆங்கில அதிகாரி ஒருவர் அவ்வூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி, இளைஞரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அதனைப் பெற வேண்டும் என்னும் வேட்கையால் அவர் கோயம்புத்தூர் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு அத்தகைய வண்டியொன்றை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய பின் அவர் செய்ததே வியப்புக்குரியது. பிறராயின் அதிலேறி ஊரார் காண உலா வந்திருப்பர். இவரோ அதனைத் திருகு திருகாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எப்பணி செய்கின்றது என ஆராய்ந்து, மீண்டும் முறைப்படி பூட்டினார். உடைமை வேறு, அறிவு வேறு என்பதும், பிரிக்கவும் பூட்டவும் வல்லவனே ஒரு பொருளைத் தனதாக்கிக் கொண்டவன் என்பதும் அவர் உள்ளத்தில் அன்றே பதிந்தன போலும். அவ்வாறு தொடங்கிய கல்வி அவரைத் தேர்ந்த இயந்திர வினைஞர் ஆக்கிற்று.

பஸ் தொழில்

கோயம்புத்தூரில் வாழ்ந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கில வணிகர், 1862-ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு பள்ளியை நிறுவிய கிறித்தவப் பெரியார் ஆவர். அவர் இவ்விளைஞரின் திறமையை உணர்ந்து உதவினார். 1920-ஆம் ஆண்டில் நாயுடு பஸ் வண்டி ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார். ஒரு வண்டி பலவாகப் பெருகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிலையமாயிற்று. நாட்டிலேயே செம்மையாக நடைபெற்ற போக்குவரத்து நிலையங்களுள் ஒன்றென அது பெயர் பெற்றது.

வண்டிகள் அயல்நாட்டினின்று வந்தவை. ஓர் உறுப்புப் பழுதுற்றால் மாற்றுறுப்புக் கடல் கடந்து வரவேண்டும். அதுகாறும் வண்டி நிற்கும், வழிப்போக்கரும் நிற்பர். இந்நிலையில் பழுது பார்க்கும் பட்டறையே தொழிலின் உயிர்நிலையாயிற்று. தேய்ந்ததை அளந்து, அதன் தேய்மானத்தைக் கணித்து, புதிதாயிருந்தபோது அஃது எவ்வளவினதாய் இருந்திருக்கும் என உய்த்துணர்ந்து செய்வோன், பழுது பார்ப்போன் நிலையினின்று படைப்போன் நிலைக்கு உயர்கின்றான். நாயுடு ஏறிய படியும் அதுவே.

படைத்த பொருள்கள்

1937-ஆம் ஆண்டில், கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையினின்று, நம் நாட்டிலேயே செய்யப்பெற்ற முதல் மின்சார மோட்டார் வெளிவந்தது. அதனை வகுத்தமைப்பதில் அவருடன் உழைத்தவர் பாலசுந்தரம் நாயுடு ஆவர். இன்று கோவை வட்டாரம் மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் பேர் பெற்று விளங்குவதற்கு இட்ட வித்துக்களுள் இஃது ஒன்றாகும்.

'ரேசண்ட்' என்னும் மின்சாரச் சவரக் கத்தி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, படக்கருவியின் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு என அவர் செய்தவை பல. வாக்குப் பதிவில் சூது நிகழாவண்ணம் ஓர் இயந்திரமும் அவர் அமைத்தார். நம் நாட்டுத் தேர்தலில் மின்னணு வாக்கு இயந்திரம் முதன்முதல் கேரளத்துப் பறவூரில் பயன்பட்டது 1982-ஆம் ஆண்டில் ஆகும். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே நாயுடு மறைந்துவிட்டார் என்பதை எண்ணுங்கால் அவர்தம் முன்னோக்கு விளங்கும். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்நாட்டிலேயே செய்ய இயலும் என 1941-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். பருத்தி, சோளம், பப்பாளி முதலிய பயிர்களிலும் அவர் ஆராய்ச்சி சென்றது.

வந்த தடை

இத்துணைப் பொருள்களுள்ளும் எம் நெஞ்சை வருத்துவது ஒன்று. 1952-ஆம் ஆண்டில், இருவர் அமர்ந்து செல்லத்தக்க பெட்ரோல் மோட்டார் வண்டியொன்றை அவர் செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய். பள்ளி ஆசிரியரும் சிறு வணிகரும் முயன்றால் எட்டக்கூடிய விலை எனலாம். ஆயின் அக்காலத்தில் மோட்டார் வண்டி செய்தல் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு அரசின் உரிமம் பெறுதல் வேண்டும் என்பது விதி. 1951-ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்குச் சட்டம் அவ்வாறு வகுத்திருந்தது. நாயுடுவுக்கு உரிமம் கிட்டவில்லை. வண்டி நின்றது.

அரிதிற் கிடைத்த இரும்பையும் அயல்நாட்டுச் செலாவணியையும் பகிர்ந்தளிக்க வேண்டிய இளம் அரசுக்கு அதற்குரிய காரணங்கள் இருந்திருக்கலாம் என்பதை யாம் மறுக்கிலோம். எனினும் இழந்தது சிறிதன்று. எளியோருக்கென ஏறத்தாழ ஓரிலட்ச ரூபாய் விலையில் 'நானோ' என்னும் சிற்றுந்து வெளிவந்தது 2009-ஆம் ஆண்டில் ஆகும். இடையே கழிந்தவை ஐம்பத்தேழு ஆண்டுகள். ஒரு கைவினைஞனின் கையைத் தடுத்தால் ஒரு தலைமுறையின் நடை தளரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கல்விப்பணி

1944-ஆம் ஆண்டில் அவர் மோட்டார்த் தொழிலின் பொறுப்பினின்று விலகி, ஆராய்ச்சி மாணவர்க்கும் தம் தொழிலாளர்க்கும் எளிய மக்கட்கும் உதவிகள் பல அறிவித்தார். அடுத்த ஆண்டில், அந்நாள் ஆளுநரின் பெயரால் ஆர்தர் ஹோப் தொழிற்கல்லூரி கோவையில் தோன்ற உறுதுணையாய் இருந்து, அதன் முதல்வராகவும் பணியாற்றினார். இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என வழங்குவது அதன் வழிவந்ததேயாம்.

தொடக்கக் கல்வியே பெற்ற ஒருவர் பொறியியற் கல்லூரியின் முதல்வரானார். ஆயினும் அவ்விருக்கையில் அவர் நெடுநாள் அமரவில்லை. பொறியியலுக்கு நான்காண்டு மிகை, செய்து கற்பின் ஈராண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதற்கு இசையவில்லை. அவர் பதவியைத் துறந்தார். இக்கொள்கையை முற்றும் ஏற்க யாம் துணியோம். நின்று நிதானித்துக் கற்கவேண்டிய கணக்கும் இயற்பியலும் உள. ஆயின் ஆண்டுகள் பல கழித்தும் ஒரு திருகினைத் திருப்ப அறியாது வெளியேறும் கல்வி குறையுடையது என்பதை, பாலத்தின் மேல் இருட்டில் நின்ற யாம் எங்ஙனம் மறுப்போம்?

மறைவும் நினைவும்

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசிச் சாலையில் அவர் பெயரால் தொழிற் காட்சிச்சாலை உளது. 2015-ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தார் பழைய மோட்டார் வண்டிகளுக்கென ஒரு காட்சிச்சாலையும் திறந்தனர். மோட்டார் வண்டியின் மூதாதையெனத் தக்க, பென்சு 1886-ஆம் ஆண்டில் அமைத்த முச்சக்கர வண்டியின் மறுபடிவமும் அங்குளது.

பழவண்டியைப் புதுக்குதல் செல்வரின் பொழுதுபோக்கு என்பர் சிலர். யாம் அங்ஙனம் கருதவில்லை. துருவேறி இறுகிய இயந்திரத்தை வலிந்து திருப்பினால் முறியும். எண்ணெயிட்டுப் பல நாள் காத்திருத்தல் வேண்டும். கழற்றிய உறுப்புக்கெல்லாம் அடையாளம் இடல் வேண்டும். கடையிற் கிடையாத உறுப்பைக் கையாற் செய்தல் வேண்டும். பொறுமையும் நினைவும் நேர்மையும் ஒருங்கே வேண்டும் தொழில் அது. ஏட்டுச்சுவடியின் சிதைந்த வரியைப் பதிப்பாசிரியர் மீட்பதற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியன்று.

நம் திருச்சிராப்பள்ளியிலும் இத்திறனுக்குக் குறைவில்லை. 1928-ஆம் ஆண்டு முதல் பொன்மலையில் நடைபெறும் இரயில்வேப் பட்டறை, நீலகிரி மலை இரயிலின் நீராவி இயந்திரங்களைப் பழுது பார்ப்பதோடு அமையாது, அவை போன்றவற்றைப் புதிதாகவும் செய்தளித்துள்ளது. உலகம் கைவிட்ட நீராவித் தொழிலை, நம் ஊர் வினைஞர் கை இன்னும் மறவாது காத்து வருகின்றது. மலைக்கோட்டையைக் காட்ட விருந்தினரை அழைத்துச் செல்லும் நாம், பொன்மலையின் பெருமையையும் அவர்கட்கு எடுத்துரைத்தல் தகும்.

முடிவுரை

நாசரேத்தூரில் தச்சுத்தொழில் செய்த பெருமானை வணங்குவோர் நாம். கூடாரம் தைத்து உண்ட பவுலடிகளின் நிருபங்களை ஓதுவோரும் நாம். ஆதலின் கைத்தொழிலை இழிவென எண்ண நமக்கு உரிமையில்லை. நாயுடுவைப் போல் படைக்கும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் கையிலுள்ள பொருளை ஒருமுறையேனும் கழற்றிப் பூட்ட முயலுதல் எல்லார்க்கும் இயலும்.

யாம் இப்பொழுது எம் மிதிவண்டியின் பையில் ஒரு திருகுகோலும் திருகுதிறப்பானும் வைத்திருக்கின்றோம். சங்கிலி மீண்டும் ஒருமுறை கழன்றது. பூட்டி முடிக்க அரை மணி நேரம் சென்றது. கை முழுதும் மசியாயிற்று. ஆயினும் அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திலோம், ஏறியே வந்தோம்.