பழங்காசைப் படித்த பிரின்செப்

ஜேம்ஸ் பிரின்செப் பட்டதாரி அல்ல. 1799இல் பிறந்து, தொழில் பழகி, 20 வயதில் கல்கத்தா நாணயசாலை வேலைக்கு வந்தவர். வெள்ளியின் தரம் பார்ப்பதுதான் வேலை. காசியில் பாலமும் கட்டினார், சாக்கடைச் சுரங்கமும் அமைத்தார்.

1832இல் ஆசியக் கழகச் செயலாளர் ஆனார். பல ஊர்ச் சேகரிப்பாளர்கள் பழங்காசுகளை அவருக்கு அனுப்பி வைப்பாங்க. ஒருபக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி. ஒப்பிட்டே சில எழுத்துகளைக் கண்டுபிடித்தார். 1837இல் சாஞ்சிக் கல்வெட்டுகளை வைத்துப் பிராமியையும் படிச்சிட்டார். அசோகர் ஆணைகள் உலகுக்குத் தெரிந்தன.

ஓயாத உழைப்பில் உடம்பு கெட்டு, 1840இல் 40 வயதிலேயே மறைந்தார்.

1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த அதியமான் கல்வெட்டைப் படிக்க முடிந்ததும் அவர் போட்ட பாதையில்தான். நம்ம கையும் தொழில் பழகும் கைதானே!