பல் மருத்துவத் துணைவரை உயர்த்திய ஆல்ஃபிரட் ஃபோன்ஸ்

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. பல்லின் அருமை அதனை இழந்த பின்னரே பலர்க்கும் புலனாகின்றது. இரவெல்லாம் பல் நோவால் துடித்த ஒருவர், மறுநாட் காலை மருத்துவரிடம் சென்று நோய் நீங்கி மீளும்போது, அம்மருத்துவரை வாயார வாழ்த்துவர். ஆயின் அம்மருத்துவர் அருகே நின்று, கருவிகளைத் தூய்மை செய்து வைத்து, வேண்டுங்கால் வேண்டியதனை எடுத்து நீட்டி, பற்குழியை அடைக்கும் பொருளைப் பதமறிந்து குழைத்து, அஞ்சி நடுங்கும் சிறார்க்கு ஆறுதலும் கூறிய உதவியாளரை நினைப்பார் எத்துணைப் பேர்? அவ்வுதவியாளர்தம் கைகளில் பெரியதோர் ஆற்றல் அடங்கிக் கிடப்பதைக் கண்டு, அதனை உலகறியச் செய்தார் ஒருவர். அவருடைய வரலாற்றினை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கனெக்டிகட்டில் பிரிட்ஜ்போர்ட் என்னும் நகரம் உளது. தொழிற்சாலைகள் மல்கிய அந்நகரில் 1869-ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் பிறந்தார். அவருடைய தந்தையார் சிவிலியன் ஃபோன்ஸ் என்பவரும் பல் மருத்துவரே. நகரத் தலைவராகவும் விளங்கி மக்களின் நன்மதிப்பைப் பெற்றவர். மைந்தரும் தந்தையார் சென்ற நெறியிற் சென்று, நியூயார்க் பல் மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1890-இல் பட்டம் பெற்றுத் தம் ஊர்க்கே மீண்டு தொழில் நடத்தலாயினர்.

அந்நாளில் பல் மருத்துவமென்பது பெரும்பாலும் கெட்ட பல்லைப் பிடுங்குதலும், குழி விழுந்த பல்லை அடைத்தலுமாகவே இருந்தது. நோய் வந்தபின் ஓடுவதன்றி, அது வாராமற் காக்கும் வழியை எண்ணினார் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிலடெல்பியா நகரத்து மருத்துவராகிய டி. டி. ஸ்மித் என்பார். பற்களிற் படியும் அழுக்கினையும் கட்டியினையும் குறித்த காலந்தோறும் நீக்கி வரின் நோய்கள் பல அணுகா என்பது அவர் கொள்கை. அவருடைய உரையினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கேட்ட ஃபோன்ஸின் உள்ளத்தில் அக்கொள்கை ஆழப் பதிந்தது. கேட்டதனோடு அமையாது, தம்மிடம் வருவோர்க்கு அம்முறையையே சில ஆண்டுகள் கையாண்டு, அதன் பயனைக் கண்கூடாகக் கண்டார்.

ஆயின் இடையூறு ஒன்று எதிர்ப்பட்டது. ஒருவருடைய பற்கள் அனைத்தையும் ஒவ்வொரு பக்கமும் துருவித் துலக்குதல் நெடும்பொழுது கொள்ளும் பணி. மருத்துவர் அதனையே செய்துகொண்டிருப்பின் நோயாளிகளைப் பார்ப்பது எப்போது? செய்யாதொழியின் நோயைத் தடுப்பது எவ்வாறு? இவ்விரண்டிற்குமிடையே தடுமாறிய ஃபோன்ஸின் கண்கள், நாடோறும் தம் அருகிலேயே நின்று பணிபுரிந்த ஐரீன் நியூமன் அம்மையார்பாற் சென்றன. அவர் ஃபோன்ஸுக்கு உறவினர். அவருடைய மருத்துவசாலையில் உதவியாளராக இருந்தவர். 1906-ஆம் ஆண்டளவில் ஃபோன்ஸ் அவ்வம்மையார்க்குத் தம் கருவிகளைக் கையாளும் முறையைக் கற்பித்து, பற்களைத் தூய்மை செய்யும் பொறுப்பினை அவரிடமே ஒப்படைத்தார். இது சிறு செயல் போலத் தோன்றினும், உண்மையிற் பெருந்துணிவு வாய்ந்த செயலாகும். தாம் அரிதிற் கற்ற கலையின் ஒரு கூற்றினைப் பட்டம் பெறாத துணைவர்க்கு மனமுவந்து ஈவோர் எத்தொழிலிலும் அரியர் அல்லரோ?

எதிர்ப்பும் எழாமல் இல்லை. மருத்துவரல்லாதார் நோயாளியின் வாயிற் கருவியை வைத்தல் தகுமா என வினவினர் பலர். தம் தொழிலின் பெருமையும் வருவாயும் குறைந்துவிடுமென அஞ்சினாரும் உளர். ஒஹாயோவிற் பல் மருத்துவக் கல்லூரியொன்று 1910-இல் இத்தகைய உதவியாளர்க்கெனத் தொடங்கிய வகுப்பு, மருத்துவர்தம் எதிர்ப்பினாற் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஃபோன்ஸோ சட்டத்தின் துணையை முன்னரே நாடியிருந்தார். கனெக்டிகட்டின் பல் மருத்துவச் சட்டம் 1907-இல் திருத்தப்பட்டபோது, உரிமம் பெறாத உதவியாளர் மருத்துவத் தொழில் செய்தல் விலக்கப்பட்டது. ஆனால் பற்களைத் தூய்மை செய்யும் பணிக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கே பின்னர் எழுந்த மாளிகைக்கு அடிக்கல்லாயிற்று.

1913-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஃபோன்ஸ் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கெனப் பெருங்கட்டடம் எதுவும் இல்லை. அவருடைய வண்டிக் கொட்டகையே வகுப்பறையாக மாறிற்று. அவ்வெளிய இடத்திற் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்தினர். பள்ளி ஆசிரியைகள், செவிலியர், மருத்துவர்தம் மனைவியர், பல் மருத்துவ உதவியாளராக முன்னரே பழகியவர் எனப் பலதிறத்தாரும் மாணவியராக அமர்ந்தனர். 1914-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 27 பெண்மணிகள் பயிற்சி முடித்து வெளிவந்தனர். நியூமன் அம்மையாரும் அப்பணியிற் பங்குகொண்டார்.

இப்புதிய பணியாளர்க்கு ஃபோன்ஸ் சூட்டிய பெயரும் எண்ணத்தக்கது. பல் செவிலியர் என வழங்கிய பெயரை அவர் விரும்பவில்லை. செவிலியர் என்றதும் மக்கள் நோயை நினைப்பர். தம் மாணவியரைக் கண்டால் நலத்தையே நினைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆதலின் பற்சுகாதாரப் பணியாளர் எனப் பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் அமைத்தார். அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது.

பயிற்சி பெற்றோர் செல்வர் வீடுகளை மட்டும் நாடிச் செல்லவில்லை. 1914-இல் பிரிட்ஜ்போர்ட் நகரப் பள்ளிகளில் அவர்கள் பணி தொடங்கிற்று. ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளும், பிற நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளும் நிறைந்த வகுப்புகள் அவை. அப்பிள்ளைகளின் பற்களைத் துலக்கியும், துலக்கும் முறையைக் கற்பித்தும், உணவு முறையை எடுத்துரைத்தும் அவர்கள் தொண்டாற்றினர். 1915-இற் கனெக்டிகட் அவர்தம் பணியைச் சட்டத்தால் வரையறுத்தது. 1916-இல் வாய்ச் சுகாதாரம் பற்றிய ஃபோன்ஸின் நூல் வெளிவந்தது. 1917-இல் முதல் உரிமம் நியூமன் அம்மையார்க்கே வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் நாற்காலியின் அருகே பெயரறியாது நின்றவர், ஒரு புதிய தொழிலின் முதல்வராகப் பதிவேட்டில் இடம்பெற்றார்.

ஃபோன்ஸின் நோக்கிற் குறையேதும் இல்லையெனக் கூறோம். இப்பணி பெண்களுக்கே உரியதென்றும், குறுகிய எல்லைக்குள் நின்று செய்ய அவரே மனம் ஒப்புவரென்றும் அவர் எண்ணினார். அவ்வெல்லையைக் காலம் கடந்துவிட்டது. இன்று ஆடவரும் இதனைச் செய்கின்றனர். பெண்கள் மருத்துவராகவே திகழ்கின்றனர். எனினும் அவர் திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை. 1923-இற் பற்சுகாதாரப் பணியாளர்க்கும், 1924-இல் ஜூலியட் சதர்ட் அம்மையாரின் முயற்சியாற் பல் மருத்துவ உதவியாளர்க்கும் அமெரிக்க நாட்டில் தனித்தனிச் சங்கங்கள் எழுந்தன. 1938-ஆம் ஆண்டு ஃபோன்ஸ் இயற்கை எய்தினார். 1949-இற் பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஒரு பள்ளி நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? பிறர் வாயின் அழுக்கை நீக்குதல் பெருமையுடைய தொழிலென உலகம் முதலிற் கருதவில்லை. ஆயினும் தம் சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரை வணங்கும் நமக்கு, தூய்மை செய்யும் கை எதுவும் தாழ்ந்த கையாகத் தோன்றலாகாது. ஃபோன்ஸின் பெருமை அவர் கற்ற கல்வியில் மட்டும் இல்லை. தம் அருகில் நின்றாரைத் திரும்பி நோக்கி, தம் கருவியை அவர் கையிற் கொடுத்ததிலேயே உளது. நாளை நாமும் மருத்துவராக, ஆசிரியராக, அலுவலராக அமர்வோம். அன்று நம் அருகே நின்று துணைபுரிவாரின் பெயரையேனும் அறிந்திருப்போமாக. அறிந்ததைக் கற்பித்து, அவரை உயர்த்துவோமாக. அடுத்த முறை பல் நோவு நீங்கி மருத்துவசாலையினின்று வெளிவருங்கால், மருத்துவர்க்கு நன்றி கூறிய நாவால் அவர் துணைவர்க்கும் ஒரு சொல் கூறுவோமாக.