இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – சனவரி 30, 1874) தமிழ்நாட்டைச் சேர்ந்த துறவியும் புலவரும் சமய சீர்திருத்தவாதியும் ஆவார். வள்ளலார் என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். இவர் பாடிய பாடல்களின் தொகுப்பு திருவருட்பா எனப்படுகிறது. பசித்தோர்க்கு உணவளித்தலையும் சாதி சமய வேறுபாடு கடந்த வழிபாட்டையும் வலியுறுத்தியவர் என்றே பாடநூல்கள் இவரை அறிமுகப்படுத்துகின்றன. உடலை நெடுங்காலம் பேணுவதற்குரிய அன்றாட ஒழுங்குகளை எளிய உரைநடையில் வகுத்துத் தந்தவர் என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில் இராமையா பிள்ளை, சின்னம்மை இணையருக்கு ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். பிறந்த சில மாதங்களிலேயே தந்தை மறைந்ததால், தாயார் குழந்தைகளுடன் தாம் பிறந்த ஊரான பொன்னேரி அருகிலுள்ள சின்னகாவணத்திற்குச் சென்றார். 1825ஆம் ஆண்டளவில் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்து ஏழுகிணறு பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவில் வாழ்ந்தது. மூத்த தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். தம்பியைப் படிக்க வைக்க அவர் எடுத்த முயற்சிகள் பலனளிக்கவில்லை. இராமலிங்கர் பள்ளிக்குச் செல்வதை விடுத்துக் கந்தகோட்டத்திற்குச் சென்று பாடிக்கொண்டிருந்தார். தமையனார் உடல்நலமின்றி இருந்த ஒரு நாளில் அவருக்கு மாற்றாகப் பெரிய புராணச் சொற்பொழிவு நிகழ்த்தியதே இவரை ஊரறியச் செய்தது என்பர்.

1850ஆம் ஆண்டில் உறவினரின் வற்புறுத்தலால் தமக்கை மகளை மணந்தார். எனினும் இல்லறத்தில் ஈடுபடவில்லை.

திருவொற்றியூர்த் தொடர்பு

சென்னையில் வாழ்ந்த காலத்தில் இவர் மிகுதியாகச் சென்றுவந்த தலம் திருவொற்றியூர். ஏழுகிணற்றிலிருந்து இராயபுரம், தண்டையார்பேட்டை வழியாக ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவு. நாள்தோறும் நடந்தே சென்றதாக இவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவ்வாறாயின் சென்று திரும்ப நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீட்டர் ஆகிறது. பிற்காலத்தில் நடைப்பயிற்சியைத் தம் அன்பர்களுக்கு இவர் விதித்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். இப்போது மணலி, மாத்தூர், எண்ணூர் எனத் தொழிற்சாலைகளும் துறைமுகச் சரக்கு வண்டிகளும் நிறைந்துள்ள வடசென்னை, அக்காலத்தில் தோப்புகளும் உப்பளங்களும் மீனவர் குப்பங்களும் கொண்ட கடற்கரையாக இருந்தது.

இத்தலத்து அம்மன் மீது வடிவுடை மாணிக்கமாலையையும் இறைவன் மீது எழுத்தறியும் பெருமான் மாலையையும் பாடினார். பட்டினத்தாரின் அடக்கத்தலமாகக் கருதப்படும் திருவொற்றியூர், சித்தர் மரபினர் தங்கும் இடமாகவும் இருந்தது. தேரடித் தெருவில் இருந்த ஆடையில்லாத் துறவி ஒருவர், தெருவில் போவோரையெல்லாம் அவரவர் குணத்திற்கேற்ப விலங்குகளின் பெயரால் குறிப்பிடுவார் என்றும், இராமலிங்கரைக் கண்டபோது மட்டுமே மனிதர் என்று குறிப்பிட்டார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு.

கருங்குழியும் வடலூரும்

1858இல் சென்னையை விட்டு நீங்கி, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகள் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். தொழுவூர் வேலாயுத முதலியார் முதலானோரின் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் அச்சேறின. இப்பாடல்களை அருட்பா என்று அழைப்பதை எதிர்த்து யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பினர் கிளப்பிய பூசல் 1869இல் நீதிமன்றம் வரை சென்றது.

1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் கொடும் பஞ்சம் வாட்டியதற்கு அடுத்த ஆண்டு அது. சாலை அமைக்க நிலத்தைப் பார்வதிபுரம் மக்கள் வழங்கினர். 1872 சனவரி 25இல் சத்திய ஞானசபை திறக்கப்பட்டது.

உடல் ஓம்பும் நெறி

இராமலிங்கர் தம் அன்பர்களுக்கு வகுத்தளித்த அன்றாட ஒழுங்குகள் நித்திய கரும விதி எனப்படுகின்றன. இவை இவருடைய உரைநடைத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. சீனத்தில் மூச்சு, அசைவு, உள்ளத்தின் அமைதி ஆகியவற்றை இணைத்து உடல்நலத்தையும் நீண்ட ஆயுளையும் நாடும் பயிற்சிகள் சிகுங் என்ற பெயரில் வழங்குகின்றன. அப்பெயர் பரவலானது 1950களில்தான் என்றாலும் பயிற்சிகள் மிகப் பழையவை. இராமலிங்கரின் விதிகள் அவற்றோடு தொடர்புடையவை என்று கூறச் சான்று ஏதுமில்லை. ஆயினும் நோக்கம் ஒன்றே. வேறுபாடு என்னவெனில், இவர் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்யும் பயிற்சியை விட, எழுதல், நடத்தல், உண்ணல், உறங்கல் ஆகிய செயல்களையே பயிற்சியாக்கினார்.

சூரியன் தோன்றுமுன் எழ வேண்டும். எழுந்ததும் சிறிது நேரம் அமர்ந்து இறைவனை நினைக்க வேண்டும். பின்னர் சற்று உலாவ வேண்டும். காலையில் பொற்றலைக் கையாந்தகரை எனப்படும் மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றோடு சேர்த்துப் பொடியாக்கி, நீரும் பாலும் சேர்த்துக் காய்ச்சிப் பருக வேண்டும். கரிசலாங்கண்ணியைச் சித்த மருத்துவம் கல்லீரல் நோய்களுக்கும், தூதுவளை, முசுமுசுக்கை இரண்டையும் சளி, இருமல், இரைப்பு ஆகியவற்றுக்கும் பயன்படுத்தி வருகிறது. ஆகவே இது மந்திர மருந்தன்று; வேலியோரம் கிடைக்கும் கீரைகளைக் கொண்ட காலைப் பானம் என்றே கொள்ளத்தக்கது.

உணவு மிகவும் கூடாது, குறையவும் கூடாது. புலால் அறவே விலக்கு. புளியையும் மிளகாயையும் குறைத்து மிளகையும் சீரகத்தையும் கூட்ட வேண்டும். கிழங்குகளில் கருணைக்கு மட்டும் இடமளித்தார். குளிர்ந்த நீரைத் தவிர்த்து, காய்ச்சிய நீரையே வெந்நீராகப் பருகச் சொன்னார். வாந்திபேதி ஊர் ஊராகப் பரவிய நூற்றாண்டில் இந்த ஒரு விதியே பல உயிர்களைக் காத்திருக்கக் கூடியது.

பகலில் உறங்குதல் ஆகாது. இரவில் இடக்கைப் பக்கமாகவே படுக்க வேண்டும். இதற்குக் காரணம் மூச்சு. இடப்புறம் சாய்ந்து படுத்தால் வலது நாசி வழியே மூச்சு மிகுதியாக ஓடும். சித்தர் மரபில் வலது மூச்சு சூரிய கலை, உடலுக்கு வெப்பம் தருவது. ஒருபுறம் சாய்ந்து படுக்கும்போது மேற்புறமுள்ள நாசித்துளை விரிந்து கொடுக்கிறது என்பதை இன்றைய உடலியங்கியலும் கண்டுள்ளது. ஆனால் அதனால் ஆயுள் கூடும் என்பது மரபின் நம்பிக்கையே, ஆய்வு முடிவன்று.

மூச்சை அடக்கும் கடும் யோகப் பயிற்சிகளை இவர் பரிந்துரைக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அவை கடினமானவை, இடையிலேயே ஒருவரை நிறுத்திவிடக் கூடியவை என்று கருதினார். அவற்றின் இடத்தில் இவர் வைத்தது சீவகாருண்யம், அதாவது பிற உயிரின் துன்பம் கண்டு இரங்கி உதவுதல். ஒழுக்கத்தைப் புலன், மனம், உயிர், ஆன்மா என்ற நான்கு நிலைகளில் பகுத்தார். ஆகவே தருமச்சாலையையும் நித்திய கரும விதியையும் தனித்தனியே படித்தால் இரண்டுமே பாதி விளங்கும். தன் உடலைப் பேணுவோன் பிறர் உடலின் பசியைத் தீர்க்காதிருந்தால் அப்பேணுதல் பயன் தராது என்பதே இவர் கொள்கை.

தாம் விதித்த அளவான உணவைக்கூட இவர் உட்கொண்டதாகத் தெரியவில்லை. மாணவர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபையினருக்கு அளித்த வாக்குமூலத்தில், இவர் மெலிந்த உடலினர், விரைந்து நடப்பவர், சில பிடி சோறே உண்பவர் என்றும், மாதக்கணக்கில் சர்க்கரை கலந்த வெந்நீரை மட்டும் பருகியதுண்டு என்றும் தெரிவித்துள்ளார்.

மேட்டுக்குப்பமும் மறைவும்

1870 முதல் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் எனப் பெயரிட்ட இல்லத்தில் வாழ்ந்தார். இக்காலப் பாடல்களில் மரணத்தை வெல்லுதல், அழியாத ஒளியுடம்பு பெறுதல் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. 1873 அக்டோபரில் கொடியேற்றிப் பேருரை நிகழ்த்தினார். 1874 சனவரி 30 இரவு அறைக்குள் சென்று, கதவைத் திறக்க வேண்டாம் என்று கூறித் தாழிட்டுக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 50.

அதன்பின் அவரை எவரும் கண்டதாகப் பதிவில்லை. அரசு அலுவலர்கள் வந்து அறையைத் திறந்தபோது வெற்றறையாக இருந்தது எனச் சன்மார்க்க மரபினர் கூறுவர். அவர் ஒளியுடம்பு பெற்றார் என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. ஐயுறுவோரும் அன்று முதலே உண்டு. 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட அரசிதழ்க் குறிப்பு, அவர் மீண்டும் காணப்படவில்லை என்பதையும் அன்பர்களின் நம்பிக்கையையும் பதிவு செய்கிறது.

எஞ்சிய பாடல்களைக் கொண்ட ஆறாம் திருமுறை 1885இல் வெளிவந்தது. வடலூர் தருமச்சாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு, நாள்தோறும் உணவு வழங்கப்பட்டு வருகிறது.