ஐம்பதும் ஐம்பதும் நூறு இல்லை!



போன வாரம் எங்க அறிவியல் டீச்சர் ஒரு சோதனை செய்து காட்டினாங்க. ஒரு அளவு ஜாடியில் 50 மில்லி தண்ணீர். இன்னொன்றில் 50 மில்லி ஆல்கஹால். ரெண்டையும் சேர்த்து ஊற்றினால் எவ்வளவு வரும்னு கேட்டாங்க. எல்லாரும் 100னு கத்தினோம். நானும்தான். ஊற்றிப் பார்த்தால் 100 கோட்டைத் தொடவே இல்லை. ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. அப்போ மீதி எங்கே போச்சு?

இந்தக் கேள்விக்காகப் பல மாதங்கள் உட்கார்ந்து அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். நம்ம எல்லாருக்கும் தெரிந்தவர்தான். தனிம வரிசை அட்டவணை தந்த மெண்டலீஃப்! அவர் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிமிட்ரி இவானோவிச் மெண்டலீஃப் 1834-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் ரஷ்யாவில், சைபீரியாவில் உள்ள தோபோல்ஸ்க் என்ற ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம். இவர்தான் கடைக்குட்டி. அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். அவருக்குக் கண் பார்வை போய் வேலையும் போச்சு. அம்மா மரியா, தன் பிறந்த வீட்டாரின் கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினாங்க. 1847-இல் அப்பா இறந்தார். அடுத்த வருஷமே தொழிற்சாலை தீப்பிடித்து எரிஞ்சு போச்சு.

வேறு யாராவது இருந்தால் பையனைப் படிச்சது போதும்னு வேலைக்கு அனுப்பியிருப்பாங்க. ஆனால் அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மாஸ்கோ போனாங்க. அப்போ அந்தப் பக்கம் ரயில் கிடையாது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இடம் தரவில்லை. மனம் தளராமல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், 1850-இல் அப்பா படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலேயே சேர்த்துவிட்டாங்க. அதே வருஷம் இறந்தும் போனாங்க. மகன் ஜெயிச்சதை அவங்க பார்க்கவே இல்லை.

மெண்டலீஃப் 1855-இல் தங்கப் பதக்கத்தோடு தேறினார். பிறகு ஜெர்மனியில் ஹைடல்பர்க் போய், திரவங்கள் சூட்டில் எப்படி விரிகின்றன என்று ஆராய்ந்தார். ஊர் திரும்பி, 1865-இல் டாக்டர் பட்டத்துக்காக எடுத்த பொருள்தான் ஆல்கஹாலும் தண்ணீரும்.

கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். வெப்பநிலை கொஞ்சம் மாறினாலும் திரவம் விரியும், அடர்த்தி மாறிடும். ஆல்கஹால் ஆவியாகும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். அதனால் அவர் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, வெப்பநிலையைக் குறித்து, விதவிதமான கலவைகளை எடை போட்டார். எடையில் ஒரு குறையும் இல்லை, பருமன் மட்டும்தான் சுருங்குது. 100 கிராம் கலவையில் ஆல்கஹால் சுமார் 46 கிராம் இருக்கும்போது சுருக்கம் ரொம்ப அதிகம் என்று கண்டார்.

ஏன் சுருங்குது? ஒரு படி கொண்டைக்கடலையும் ஒரு படி கடுகும் கலந்தால் ரெண்டு படி வராது. கடுகு இடுக்கில் புகுந்துவிடும். மூலக்கூறுகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதோடு அவை ஒன்றையொன்று இழுத்தும் கொள்கின்றன. ஆல்கஹாலும் தண்ணீரும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்து சேர்மம் ஆகிறது என்று மெண்டலீஃப் நினைத்தார். அதை இப்போது அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அவர் எடுத்த அளவுகள் நிலைத்து நின்றன.

1869-இல் அட்டவணை வெளியிட்டார். அதில் காலியிடம் விட்டு, அங்கே வரப்போகும் தனிமங்களையும் முன்கூட்டியே சொன்னார். அலுமினியத்துக்குக் கீழே உள்ள இடத்துக்கு ஏக அலுமினியம் என்று பெயர். அந்த ஏக என்பது சமஸ்கிருதச் சொல், ஒன்று என்று பொருள்! அதன் அடர்த்தி சுமார் 5.9 இருக்கும் என்றார். 1875-இல் பிரான்சில் லெகோக் தெ புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்து காலியம் என்று பெயர் வைத்தார். ஆனால் அடர்த்தி 4.7 என்று வந்தது. சுத்தம் செய்து மறுபடி அளக்கச் சொல்லி எழுதினார் மெண்டலீஃப். அளந்தால் 5.9! கண்ணால் பார்க்காதவர் சொன்னது சரி, கையில் வைத்திருந்தவர் அளந்தது தப்பு.

1887-இல் கரைசல்களின் அடர்த்தி பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதை அம்மாவின் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1890-இல் மாணவர்களின் மனுவை அமைச்சரிடம் கொண்டு போனார். அது திருப்பி அனுப்பப்பட்டதால் பேராசிரியர் வேலையையே விட்டார். 1893 முதல் எடை, அளவுகளுக்கான அரசு நிலையத்தின் தலைவராக இருந்தார். 1907 பிப்ரவரி 2-இல் மறைந்தார். 101-ஆவது தனிமத்துக்கு மெண்டலீவியம் என்று அவர் பெயர்தான்.

அந்தச் சமர்ப்பணத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. போன வருஷம், எட்டாவதோடு போதும்னு வீட்டில் பேச்சு வந்தப்போ, தன் கம்மலை அடகு வைத்து எனக்கு நோட்டும் சைக்கிளும் வாங்கித் தந்தாங்க. அந்தக் கம்மல் இன்னும் மீட்கவில்லை. நான் என்ன ஆவேன்னு தெரியாது. ஆனால் இனிமேல் அளக்காமல் 100னு கத்த மாட்டேன்.