சேலம் விஜயராகவாச்சாரியார்

வக்கீல் தொழிலால் பொருள் ஈட்டியோர் பலர். தாமே குற்றவாளிக் கூண்டில் நின்றுவிட்டுப் பின்னர் பிறருக்காக வாதாடியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஸ்ரீ சி. விஜயராகவாச்சாரியாரை முதல்வராக நாம் கருதுகிறோம்.

1852-ல் செங்கற்பட்டு ஜில்லா பொன்விளைந்த களத்தூரில் பிறந்த அவர், சென்னை ராஜதானிக் கலாசாலையில் தேறி, சிறிது காலம் உபாத்தியாயராயிருந்து, 1881-ல் சேலத்தில் வக்கீலானார். அன்று அந்த ஜில்லாவில் நாமக்கல்லும் அடங்கியிருந்தது. மறு வருஷமே நகரில் மூண்ட வகுப்புக் கலகத்தைத் தூண்டினார் என்று அவர்மீது குற்றஞ் சாட்டி, நீண்ட காலத் தண்டனையும் விதித்தனர். நகரசபை அங்கத்தினர் பதவியும் பறிபோயிற்று. அவரோ சட்டத்தையே ஆயுதமாகக் கொண்டு போராடி விடுதலை பெற்றார்.

வேறொருவராயின் அத்துடன் பிழைத்தோமென்று வீட்டுக்குள் அடங்கியிருப்பார். அதே வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட ஏழைகளை அவர் மறக்கவில்லை. ஹைகோர்ட்டு வரையில் செல்ல வசதியில்லாத அவர்களுக்காக ராஜப்பிரதிநிதி ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு, அவர்கள் விடுதலையடையச் செய்தார். கடல் கடந்து போனவன் திரும்புவானென்று எந்தக் குடும்பம் அந்நாளில் எதிர்பார்த்திருக்கும்!

பதவியைப் பறித்ததற்காக இந்தியா மந்திரியின் மீதே அவர் வழக்குத் தொடுத்தார். அதில் ஜயித்து ஸ்தானத்தைத் திரும்பப் பெற்றதுடன், நூறு ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். தொகை அற்பந்தான், ஆனால் கொடுத்தது யார் என்பதையன்றோ கவனிக்க வேண்டும்!

1885-ல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸிலேயே அவர் இருந்தார். சென்னைச் சட்டசபையிலும் பின்னர் மத்திய சட்டசபையிலும் பணியாற்றினார். பெண்களின் விவாக வயதை உயர்த்தவும், தந்தை சொத்தில் மகளுக்குப் பங்கு அளிக்கவும் வைதிகக் குடும்பத்தில் பிறந்த அவர் வாதித்தது, அக்காலத்தில் சிறு துணிவன்று.

1920-ல் நாகபுரிக் காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தார். கோர்ட்டுகளைப் பகிஷ்கரிக்கும்படி கூறிய ஒத்துழையாமைத் திட்டம் அங்கேதான் உறுதியாயிற்று. கோர்ட்டிலேயே தம் மானத்தை மீட்டவர் அந்த மகாசபைக்குத் தலைவராயிருந்தார்! மகாத்மாவின் திட்டத்தில் எல்லா அம்சங்களையும் அவர் ஒப்புக்கொண்டவரல்லர், அதை மறைத்தவருமல்லர். அதனால் பிற்காலத்தில் காங்கிரஸின் பெருவழியினின்று விலகியே நின்றார்.

1944-ம் வருஷம் ஏப்ரல் மாதம், தமது 91-வது வயதில் அவர் சேலத்தில் காலமானார். அவர் ஞாபகார்த்தமாக அந்நகரில் ஒரு நூல்நிலையமும் பிரசங்க மண்டபமும் அமைந்தன.