தாளில் வடிவம் காட்டிய புரோபெல்

நம் மழலைகள் முதலில் அடியெடுத்து வைக்கும் பள்ளியைக் கின்டர்கார்டன் என்கிறோம். ஜெர்மன் மொழியில் குழந்தைகளின் தோட்டம் எனப் பொருள்படும் அப்பெயரை 1840 ஆம் ஆண்டில் சூட்டிய பேராசான் பிரீட்ரிக் புரோபெல் ஆவார்.

1782 ஏப்ரல் 21 ஆம் நாள் ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் ஒரு மதகுருவின் மகனாக அவர் பிறந்தார். ஓராண்டு நிறையுமுன்னே தாயை இழந்தார். தந்தையோ ஓயாத பணியாளர். தனித்து வளர்ந்த சிறுவனுக்கு மரமும் செடியுமே தோழமையாயின. பின்னர் ஆசிரியராகி, சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசியின் பள்ளியில் 1808 முதல் 1810 வரை தங்கி, கண்டும் தொட்டும் கற்பிக்கும் முறையை அறிந்தார். பெர்லினில் கனிமக் காட்சியகத்தில் பணியாற்றியபோது படிகங்களின் ஒழுங்கான வடிவங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவ்வொழுங்கைக் குழந்தையின் கையும் உணர வேண்டும் என விழைந்தார்.

பந்து, உருளை, கனசதுரம் முதலியவற்றை விளையாட்டுப் பொருள்களாக அளித்தார். காகிதம் மடித்தலையும் பின்னுதலையும் கைப்பணிகளாக வகுத்தார். சதுரத் தாளை மூலையோடு மூலை பொருந்த மடித்தால் இரு முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். அவை சமம் என்பதைக் குழந்தை தானே காணும். விரித்து, மற்ற இரு மூலைகளையும் அவ்வாறே பொருத்தினால் மடிப்புக் கோடுகள் நடுவில் செங்கோணமாக வெட்டும். நான்கு மூலைகளையும் அந்நடுவிற்குக் கொணர்ந்தால், பாதிப் பரப்புடைய புதிய சதுரம் பிறக்கும். மனப்பாடம் செய்யாமலே வடிவியல் விளங்கும்.

இத்தகைய நற்பணிக்கும் இடர் வந்தது. உடன்பிறந்தாரின் மகன் எழுதிய நூலை இவருடையதென மயங்கிய பிரஷ்ய அரசு, நாத்திகம் பரப்புவதாகக் கூறி 1851 இல் குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. மனம் நொந்த புரோபெல் 1852 ஜூன் 21 இல் மறைந்தார். தடை நீங்கியது 1860 இல். அதைக் காண அவர் இல்லை. அவர் கல்லறையின்மேல் கனசதுரமும் உருளையும் கோளமும் அடுக்கப்பட்டுள்ளன.

அவர் விதைத்த வித்து நம் மண்ணிலும் முளைத்தது. குழந்தைத் தோட்டக் காகித மடிப்பால் தூண்டப்பெற்ற சுந்தரராவ், மடிப்பு வழியே வடிவியல் கற்பிக்கும் நூலை 1893 இல் சென்னையில் வெளியிட்டார். அது 1901 இல் அமெரிக்காவிலும் அச்சேறியது.

அன்பார்ந்த பெற்றோரே, இன்றே ஒரு சதுரத் தாளைக் குழந்தையின் கையில் கொடுப்போம். அருகமர்ந்து நாமும் மடிப்போம். சதுரம், முக்கோணம், செங்கோணம் என்னும் தமிழ்ச் சொற்களும் அம்மடிப்புகளோடு மனத்தில் பதியும்.